பலகை மாட்டுமுன் தர வேண்டியது

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை, மாரெட்பள்ளியில் வீட்டுக்காரர் வைத்தியநாதன், மாடியில் குடியிருக்கும் ஷோபாவுக்கு முறையான அறிவிப்பு எதுவும் தராமலே வெளிக்கதவில் ‘டு-லெட்’ பலகையை மாட்டியிருக்கிறார். அதைக் கண்டு வீடு பார்க்க வந்த தம்பதியர் படியேறுகிறார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஷோபா வாசலை மறித்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னே, வெயில் விழும் ஜன்னலோரம், அடுத்த மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதும் மகள் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் முதுகையே பார்க்கிறாள். “வாட்ஸப்புல சொன்னேனேம்மா, பார்க்கலியா?” என்கிறார் வைத்தியநாதன், கீழ்ப்படியிலிருந்து. “ஹவ் சார், பார்த்தேன்,” என்று அந்த ஊர் வழக்கில் ஆமாம் சொல்கிறாள் ஷோபா. “பொங்கல் வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி இருந்துச்சு. வாழ்த்துக்கு நன்றி சொல்லிட்டேன். நோட்டீஸ்னா தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, என் கையில தரணும். காலி பண்ண அவகாசமும் தரணும். நாம போட்ட அக்ரிமென்ட்ல அப்படித்தானே இருக்கு?” அவள் குரல் உயரவே இல்லை. வந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவனின் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். இருவரும் இறங்கிப் போகிறார்கள். வைத்தியநாதனின் காதுமடல்கள் சிவக்கின்றன. “பேனா இருக்கா?” என்கிறார், தரையைப் பார்த்து. “பரீட்சைக்கு வாங்கினது நிறைய இருக்கு, மேல வாங்க சார்.” ஷோபா விலகி வழிவிடுகிறாள், நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே இருக்கிறது. வைத்தியநாதன் அங்கேயே அறிவிப்பை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதென்றும், மகளின் தேர்வுகள் முடிந்தபின் ஏப்ரல் இறுதியில் ஷோபா வீட்டைக் காலி செய்வதென்றும் முடிவாகிறது.