பயிற்சிக்குப் போகிறவர்

"மறுபடியும் அவங்களையேவா சார் அனுப்புறீங்க?"

கணக்கு டீச்சர் அனுமதிகூடக் கேட்காமல் தலைமையாசிரியரின் அறைக்குள் நுழைந்துவிட்டார். கோபத்தில் மூச்சு வாங்கியது.

வந்திருப்பது ஒரு வாரப் பயிற்சி. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று. போகிறவர் அறிவியல் டீச்சர். எந்தப் பயிற்சி வந்தாலும் போகிறவர் அவர்தான். ஆசிரியர்கள் அறையில் அவருக்குப் பெயரே 'சர்டிபிகேட் டீச்சர்'.

"நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன் சார். வகுத்தல் கணக்குன்னாலே என் பசங்க சிலபேர் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்குதுங்க. அதுங்களுக்காகத்தான் கேக்கறேன். எனக்காக இல்லை."

தலைமையாசிரியர் கதவைச் சாத்தச் சொன்னார். கெட்டவர் இல்லை அவர். யார் மனமும் நோகப் பேசமாட்டார். ஊரில் அதற்காகவே அவருக்கு நல்ல பெயர்.

"உட்காருங்கம்மா. அவங்க பாடம் நடத்தறதை எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

பார்க்காமல் என்ன, பக்கத்து அறைதானே. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையிடம்தான் பேசுவார். கேள்வி கேட்பார். யாரும் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். பின்னால் வகுப்பு சந்தைக்கடையாக இருக்கும்.

"அவங்க பயிற்சிக்குப் போற நாள்ல அந்த வகுப்பை யார் பார்த்துக்கறது?"

"நான்தான்."

"அந்த நாள்லதான் அந்தப் பிள்ளைங்க நாலு விஷயம் கத்துக்குதுங்க. இப்பப் புரியுதா?"

கணக்கு டீச்சருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஐயோ சார்! அவங்களுக்கு இது தெரியுமா?"

"அவங்களுக்கா? பெருமையாப் போயிட்டு வர்றாங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, பாடமும் நடக்குது. ஆளை நிர்வாகம் பண்றதுன்னா இதுதாம்மா."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு எதுக்குப் பயிற்சி? உங்களை அனுப்பிட்டு நான் தலையில துண்டைப் போட்டுக்கறதா?"

பாராட்டா, தண்டனையா என்று தெரியாமல் கணக்கு டீச்சர் வெளியே வந்தார். விஷயத்தை ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். மதியத்துக்குள் ஆசிரியர்கள் அறை முழுக்கப் பரவிவிட்டது. சாப்பிடும் நேரத்தில் அறிவியல் டீச்சர் உள்ளே வந்ததும் எல்லோரும் அவரவர் டிபன் பாக்ஸைப் பார்த்தார்கள்.

"என்ன, ஒரே சிரிப்பா இருந்துச்சு? எனக்கும் சொல்லுங்களேன்" என்றார் அவர்.

யாரோ ஊறுகாய் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

அந்தக் கல்வியாண்டின் முடிவில் பிள்ளைகள் குறைந்துபோய் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். ஆசிரியர்களில் ஒருவர் அதிகம். யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

தாளாளர் அறையில் விசாரணை என்று ஒன்று நடந்தது. ஒப்புக்குத்தான். ஆசிரியர்கள் சார்பில் கணக்கு டீச்சரை உட்காரவைத்திருந்தார்கள். அறிவியல் டீச்சர் எதிரே, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

"நான் செய்யாதது இல்லைங்க ஐயா" என்று தொடங்கினார் தலைமையாசிரியர். "வந்த பயிற்சி எல்லாத்துக்கும் இவங்களைத்தான் அனுப்பினேன். வேற யாருக்குமே கொடுக்கலை. இதுக்கு மேல ஒருத்தரை எப்படிங்க தூக்கிவிடறது? இதோ, டீச்சரையே கேளுங்க."



"ஆமாங்க. இவங்களைத்தான் அனுப்பினார்" என்றார் கணக்கு டீச்சர். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் சொல்லி முடித்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

தாளாளர் உத்தரவில் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இவ்வளவு வாய்ப்பு யாருக்கும்மா கிடைக்கும்? அங்க போய் என்னதான் பண்ணினீங்க?"

அறிவியல் டீச்சர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க வர்றவங்க எல்லாருமே என்னை மாதிரிதான் சார். எந்த ஸ்கூல்ல யார் வேண்டாமோ அவங்க. முதல் நாளே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தா தெரிஞ்சுடும்."

தலைமையாசிரியர் இருமினார். கணக்கு டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் இவருக்கு எல்லாம் தெரியும். அன்று சிரித்துவிட்டு டிபன் பாக்ஸைப் பார்த்ததும் தெரியும்.

"தெரிஞ்சும் ஏன் போனீங்க?" என்றார் தாளாளர்.

"அங்க சொல்லிக்கொடுக்கறது நல்லாத்தான் இருக்கும் சார். நான்தான் வகுப்புல நின்னதும் எல்லாத்தையும் கோட்டை விட்டுடறேன். பசங்க பக்கம் திரும்பினாலே நாக்கு ஒட்டிக்குது. எங்க தப்பு பண்றேன்னு எனக்கே தெரியலை. அதனால ஒவ்வொரு தடவை போயிட்டு வந்ததும் ஹெச்.எம். சார்கிட்டப் போய் நிப்பேன். 'புதுசா ஒண்ணு கத்துக்கிட்டு வந்திருக்கேன் சார். ஒரே ஒரு பீரியட் பின்னாடி பெஞ்சுல வந்து உட்காருங்க. தப்பு எங்கேன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்'னு கெஞ்சுவேன்."

தாளாளர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"வந்து பார்த்தாரா, இல்லையா?"

"அடுத்த பயிற்சிக்கு அனுப்பினார் சார்."