நாற்பதாவது படம்

அடையாறில், கைவிடப்பட்ட நாய்களின் காப்பகத்தில், தகரக் கொட்டகைக்குள் லிசா மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள். தத்துக்கொடுக்கும் இணையப் பக்கத்தில் நாற்பது நாய்களின் படங்கள், கேமராவிலிருந்து அப்படியே ஏற்றப்பட்டுக் கனக்கின்றன. பத்தாவது படம் திறப்பதற்குள் பார்ப்பவர்கள் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். கடைசியில் இருக்கும் மூன்றுகால் செம்பியை நான்கு மாதமாக யாரும் கேட்கவில்லை. நாய்களுக்குச் சோறு வடிக்கும் கங்கா எட்டிப் பார்க்கிறாள். "செம்பிய மேல தூக்கிப் போட்டா இன்னா?" "அப்ப வேற ஒண்ணு கடைசிக்குப் போயிடும்க்கா." தகரத்தின் ஓட்டை வழியே விழும் வெயில் லிசாவின் விரல்களில் ஊர்கிறது. குரைப்பு ஓயவேயில்லை. அவள் நிமிராமல் ஒவ்வொரு படமாகச் சுருக்குகிறாள். படத்தில் நாயின் கண்கள் மங்கிப்போனால் அதை அழித்துவிட்டு மறுபடி சுருக்குகிறாள். நாற்பதையும் முடித்துப் பக்கத்தில் ஏற்றியதும், "உங்க போன்ல திறங்க" என்கிறாள். கங்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விரிசல் விட்ட பழைய கைபேசியில் பக்கத்தை விரலால் தள்ளிக்கொண்டே போகிறாள். படங்கள் தயங்காமல் வருகின்றன. கடைசியில் கட்டைவிரல் நிற்கிறது. "நம்ம செம்பியா இது? எப்டிப் பாக்குது பாரேன்."