பிரிக்காத பொட்டலம்

விடையைச் சொன்னால் உள்ளே இருக்கும் தங்கை கோமளாவுக்கும் கேட்டுவிடுமே என்று வசுமதி நினைத்தாள். கோமளாவின் மகள் தன்மதி கணக்கு நோட்டோடு காத்திருந்தாள்.

“சொல்லுங்க பெரியம்மா. பையில எல்லாமே சிவப்புப் பந்துன்னா, சிவப்பு வர்றதுக்கு நிகழ்தகவு எவ்வளவு?”

“ஒண்ணு. எடுக்கறதுக்கு முன்னாடியே முடிவானது.”

“அப்புறம் எதுக்குப் பைக்குள்ள கைய விடணும்? லூசுக் கணக்கு!”

கோமளா சிரித்துக்கொண்டே பூஜைத் தட்டோடு வந்தாள். தட்டில் ஒரு செவ்வரளி, ஒரு நந்தியாவட்டை, இரண்டு வாழையிலைத் துண்டுகள்.

“பிளஸ் ஒன்னுக்கு ஹாஸ்டல் போகணும்ங்கறா. இவங்கப்பா கூடாதுங்கறார். சாமி சொல்லட்டும். நீயே பூ கட்டுக்கா, எனக்குக் கட்டின மாதிரி. அன்னிக்கு சாமி சொன்னதுன்னுதான் நான் மனசத் தேத்திக்கிட்டேன்.”

அன்று வெள்ளை வந்தால் கல்லூரி, சிவப்பு வந்தால் கல்யாணம். அப்பா சொன்னபடி வசுமதி இரண்டு பொட்டலங்களிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினாள். பதினேழு வயதுக் கோமளா கண்களை மூடி வெகுநேரம் வேண்டிக்கொண்டாள். ஒன்றின்மேல் வைத்த கையை எடுத்து, மற்றதை எடுத்தாள். மிஞ்சிய பொட்டலத்தை வசுமதி பிரிக்காமலே கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள்.

“கட்டுக்கா. உனக்குக் கைராசி.”

வசுமதி இலைத்துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். அவற்றின்மேல் இரண்டு பூக்களையும், எல்லோருக்கும் தெரியும்படி, திறந்தபடியே வைத்தாள். பிறகு தட்டைத் தங்கையின் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

“நான் கட்டமாட்டேன், கோமளா.”