சும்மா கிடந்த பென் டிரைவ்

குண்டூர் மிளகாய்க் கிடங்கு அலுவலகத்தில் ஹைமாவதிக்கு அன்று பயிற்சிக் காலத்தின் கடைசி நாள். வேலையில் வைத்துக்கொள்வதா என்று மேலாளர் கோட்டய்யா முடிவு சொல்ல வேண்டும்.

"ஏம்மா, கம்ப்யூட்டர் படுத்தா இது எழுப்பும்னு ஒரு பென் டிரைவ் செஞ்சு பின்னால செருகினியே. ஒரு நாளாவது உதவுச்சா?"

"இல்லைங்க சார். பட்டியல் போடுற புரோகிராம் எல்லாம் அதுக்குள்ளேயே ஓடும். உங்க திரை மாதிரியே அமைச்சிருக்கேன். ஆனா சரியா செஞ்சேனான்னு எனக்கே சந்தேகம்தான்."

"என் கம்ப்யூட்டர் ஒங்கோல் காளை மாதிரி திடமா இருக்கு. இப்பக்கூட மூட்டைப் பட்டியல் அடிச்சேன். அந்த பென் டிரைவைப் பிடுங்கிக்கிட்டு நீயும் கிளம்பு."

ஹைமாவதி கணினியை முறையாக அணைத்து, பென் டிரைவை உருவினாள். வழக்கம்போல் சரிபார்க்க மீண்டும் இயக்கினாள். ஹார்ட் டிஸ்க் இல்லை என்ற ஒற்றை வரியோடு திரை கறுப்பாக நின்றது.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே?"

பென் டிரைவை மறுபடி செருகினாள். மூட்டைப் பட்டியல் வந்தது. பென் டிரைவில் முதல் பட்டியல் பதிவான தேதியை நிதானமாகப் பார்த்தாள்.

"ஹார்ட் டிஸ்க் செத்து மூணு வாரமாச்சுங்க. அன்னையிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்து ஓடினதும், நீங்க அடிச்சதெல்லாம் பதிவானதும் இதுலதான்."

கோட்டய்யா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"அதைத் தொடாதேம்மா. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவே?"