முழித்த முகம்

மூன்று ஆட்டுக்குட்டிகளை நரி தூக்கிப் போய்விட்டது, மிச்சம் ஒன்றுதான். விருமனும் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளும் விஷம் தடவிய நண்டைக் கரும்புத் தோட்டத்து வரப்பில் வைக்க விடியும்போதே வந்திருந்தார்கள். காய்ந்த கரும்புச் சோகைக்குள்ளிருந்து நரி தலையை நீட்டி அவர்களைப் பார்த்தது. நண்டும் கையுமாக நின்ற விருமன் சிரித்தான்.

“என்னய்யா பல்லக் காட்டுற? வச்சுட்டு வா.”

“நீ நரி மொகத்துல முழிச்சதாலதான் நான் உனக்குக் கெடச்சேன்னு கட்டுன நாள்லருந்து பீத்திக்கிறியே. நெசமாவே முழிச்சேன்டி. உன்னயப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, இதே வரப்புல. இப்படித்தான் பாத்துச்சு.”

ஒச்சம்மாள் நரியைப் பார்த்தாள். அது நகரவில்லை. பட்டியில் ஒற்றைக் குட்டி கத்துவது இங்கே வரைக்கும் கேட்டது.

“இதப் போயி இப்பவாய்யா சொல்லுவ?” என்றாள்.