பத்து கிலோ

நாலு மணிக்குப் புது மென்பொருள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயாக வேண்டும். மருந்தின் அளவு தவறானால் தடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. ஒழுங்காகத் தடுக்கிறதா என்று பார்க்க முந்நூறு சோதனைகள். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. ஒவ்வொரு சோதனையும் நாற்பது வரி. நோயாளி பெயர், தகப்பன் பெயர், வார்டு, கட்டில் எண் என்று வளவளவென்று போகும். எவன் படிப்பான்? பச்சை விழுந்ததா, அதோடு சரி.

சோதனைகளைப் பார்த்துக்கொள்ளும் நஸ்ரினுக்கு இது பொறுக்கவில்லை. அந்தச் சங்கதிகளையெல்லாம் ஹெல்பர் ஃபங்ஷன் என்கிற தனி நிரல் துண்டுக்குள் தள்ளிவிட்டு, முக்கியமானதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். நூற்றுப் பன்னிரண்டாவது சோதனை மூன்றே வரியாகச் சுருங்கியது.

குழந்தை, எடை பத்து கிலோ.
பெரியவர்களுக்கான முழு அளவு மருந்து.
வரவேண்டிய பதில்: கொடுக்கலாம்.

திரும்பத் திரும்பப் படித்தாள். கொடுக்கக் கூடாது என்றல்லவா இருக்க வேண்டும்? யார் மாற்றியது என்று பழைய பதிவுகளைத் திறந்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ரிலீஸ் நாள், மூன்றே முக்கால் மணி. சிவப்பைப் பச்சையாக்குவதற்காக, ப்ரோக்ராமைத் தொடாமல் பதிலை மட்டும் திருத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவள் பெயர்.

"நஸ்ரின், பச்சை வந்துடுச்சா? அனுப்பிடலாமா?" டீம் லீடர் ஜெபராஜ் தன் இடத்திலிருந்தே கத்தினார்.

நஸ்ரின் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"ரெண்டு வருஷமா பச்சைதான் சார்."