அட்டையில் வந்தவள்

"ரெண்டாவது புள்ளைக்கு இவ்ளோ ஒழுங்கா வர்றவ இந்தப் பேட்டையிலயே நீ ஒருத்திதாம்மா" என்றாள் நர்ஸ் மரியம்மாள், அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஏலவார்குழலிக்குச் சிரிப்பு வந்தது. நாலாம் மாதம் ஒரு தடவை எட்டிப் பார்த்தவள், ஏழு முடிந்து எட்டில் இன்றைக்குத்தான் மறுபடி வந்திருக்கிறாள். நர்ஸம்மா குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழாம் மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒன்பதில் வாராவாரம் என்று சுவரில் எழுதித்தான் இருந்தது. முதல் பிள்ளைக்கு அப்படித்தான் ஓடி ஓடி வந்தாள். இரண்டாவதுக்கு மாமியார் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்: மூத்தது வழி போட்டு வைத்திருக்கிறது, இளையது தானாக வந்துவிடும். தறியில் பாதிப் புடவை நின்றதால் புருஷன் பழனியும் வாயைத் திறக்கவில்லை.

மேசைமேல் இருந்த அட்டையைக் குழலி எட்டிப் பார்த்தாள்.

அவள் வந்துபோன ஜூன் பத்துக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தன. ஜூலை பதினைந்து. ஆகஸ்டு பன்னிரண்டு. செப்டம்பர் பதினாறு. கடைசி வரி போன வாரம். அதன் பக்கத்தில் சிவப்பு மையில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

மேலே பேர், புருஷன் பேர், தெரு, கதவு எண் எல்லாம் அவளுடையதுதான்.

தான் வரவே இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். பின்னால் அறுபது வயிறுகள் வரிசையில் நின்றன. மரியம்மாள் ஜூலையில் மாற்றலாகி வந்தவள், முகம் பார்த்து எழுத அவளுக்கு நேரம் ஏது? வராதவர்களை அவள் கிழிக்கிற கிழி தெருவுக்கே தெரியும். வராமலே நல்ல பேர் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

எடை மெஷினில் ஏறினாள். முள் ஐம்பத்தைந்தில் நின்றது. அட்டையில் போன வாரம் நாற்பத்து நாலு என்றிருந்தது.

"இந்த மெஷின் ஒழிஞ்சு போவட்டும்" என்று மரியம்மாள் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஊசி உண்டா என்று குழலி கேட்டாள். போன மாதமே போட்டாயிற்று, இரண்டாவதுக்கு ஒன்று போதும் என்று பதில் வந்தது.

குழலி தோளைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஊசி ஏறவே இல்லை. ஏறியிருந்தால் இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் அழுதிருப்பாள், முதல் தடவை அழுத மாதிரி.



தன் பேரைச் சொல்லி, தன் புருஷன் பேரைச் சொல்லி, தன்னைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி இங்கே வந்து போயிருக்கிறாள். உச்சிவேளையில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு குளத்துப் பக்கம் போகாதே, பிள்ளைத்தாச்சியின் உருவத்தை எதுவாவது எடுத்துக்கொள்ளும் என்று மாமியார் சொல்லும்போதெல்லாம் கேலி செய்தவள் குழலி. இப்போது பரிசோதனைக் கட்டிலில் ஏறவே பயமாக இருந்தது.

ஏறிப் படுத்தாள். முன்னே படுத்தவளின் சூடு மெத்தையில் இன்னும் இருந்தது.

மரியம்மாள் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற அலுமினியக் குழாயை வயிற்றில் ஊன்றிக் காதை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களை அதட்டி அடக்கினாள். இடம் மாற்றி மறுபடி வைத்தாள்.

குழலி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

நர்ஸ் நிமிர்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஓடுதும்மா, குதிரையாட்டம் ஓடுது. போன வாரம் மூணு தபா வெச்சுப் பார்த்தேன், ஒண்ணுமே கேக்கல. பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு எழுதிக் குடுத்தேனே, போனியா? உள்ளயே நின்னுபோனத அப்படியே வுட்டா தாய்க்கும் சேர்த்து விஷமாயிடும். இன்னிக்கும் நீ வரலன்னா, சொன்ன மாதிரியே வீட்டுக்கு வந்திருப்பேன்."

வீட்டுக்கு.

இன்று காலையில் பீரோவிலிருந்து அட்டையை எடுத்துக் குழலியின் கையில் திணித்தவள் பழனியின் தங்கை பெருந்தேவி. வருகிற தையில் ஐயம்பேட்டை மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாகத் தட்டு மாற்றிக்கொண்ட பெண். மூன்று நாளாகக் காய்ச்சல் என்று சுருண்டு கிடந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "எனக்கோசரம் போய்ட்டு வா அண்ணி" என்றாள். பிறக்கப்போகிற பிள்ளைமேல் இவளுக்கு எவ்வளவு ஆசை என்று குழலிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்தக் கை அனலாகக் கொதித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலைந்து மாதமாக அவள் தொளதொள நைட்டியும் மேலே ஒரு துண்டுமாகத் திரிவதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சொன்னால் அந்தக் கல்யாணம் நிற்கும். பழனி அரிவாளைத் தேடுவான், மாமியார் கயிற்றைத் தேடுவாள்.

சொல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. பாவம், நல்ல பெண், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று தெரு சொல்லும்.

மரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு வரியை அடித்துவிடப் பேனாவைத் திறந்தாள்.

குழலி எழுந்து உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத அடிக்காதீங்க சிஸ்டர். அவ வீட்லதான் இருக்கறா."